குருவிச் சத்தத்துக்கு முந்தைய பதினேழு வரி

தெரானிஷி எட்சுகோ பதினோரு ஆண்டுகளில் இருபத்து மூன்று ஆட்டங்களுக்குக் கதை எழுதினாள். ஒன்றில்கூட அவள் பெயர் கிடையாது. எல்லாவற்றிலும் மகாபே ஷின் என்று ஓர் ஆண்பிள்ளையின் பெயர்தான். அந்த ஆண்பிள்ளைக்கு நாடு முழுவதிலுமிருந்து கடிதங்கள் வரும். 'அண்ணே, உங்களுக்கு மொத்தம் எத்தனை காதலிகள்?' என்று ஒருவன் கேட்டிருப்பான். எட்சுகோ அதை மதியச் சாப்பாட்டு வேளையில் படித்துவிட்டு, மீன்முள்ளை ஒதுக்கி வைக்க அந்தக் காகிதத்தையே பயன்படுத்திக்கொள்வாள்.

ஆட்டம் என்றால் ஓடிப் பிடிக்கிற ஆட்டம் இல்லை. கணினித் திரையில் ஒரு படம் இருக்கும். அதற்குக் கீழே வரி வரியாகக் கதை. விசையைத் தட்டத் தட்டக் கதை நகரும். அங்கங்கே இந்த வழியா அந்த வழியா என்று கேட்கும். நாம் சொல்ல வேண்டும். நடுநடுவே படுக்கையறை வரும். வாங்குகிறவன் அதற்காகத்தான் வாங்குகிறான் என்பது விற்கிறவனின் நம்பிக்கை. அதனால் பெட்டியின் மூலையில் 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று ஓர் ஒட்டுத்தாள் இருக்கும்.

அப்படி ஆட்டம் செய்து விற்கிற கம்பெனிகளில் ஒன்று நாமிகாசே. ஒசாகாவில், நிப்பொன்பாஷியில், மின்சாமான் கடைகளுக்கு மேலே மூன்றாவது மாடி. ஒன்பது பேர், ஒரு கழிப்பறை. அதைக் கழுவுகிற வேலை, கேட்காமலேயே, அங்கிருந்த ஒரே பெண்ணின் தலையில் விழுந்தது. எட்சுகோ 1987 வசந்தத்தில் தட்டச்சு செய்யத்தான் அங்கே சேர்ந்தாள். கதை எழுதிக்கொண்டிருந்தவன் ஒருநாள் பாதியில் கம்பி நீட்டிவிட்டான். மீதியை யார் எழுதுவது என்று முதலாளி இபாராகி தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, அவள் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே போய் முடித்துக் கொடுத்தாள். இபாராகி படித்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, ஆம்பளை எழுதின மாதிரியே இருக்கு" என்றார். அவரிடமிருந்து அவளுக்குக் கிடைத்த பாராட்டு, முதலும் கடைசியுமாக, அதுதான்.

இபாராகி கதையைச் சரிபார்க்கும் முறையைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையில் நடந்த அநியாயத்துக்கெல்லாம் வேர் அதுதான். படுக்கையறைக் காட்சி தொடங்கும் இடத்தில் ஒரு கறுப்பு வட்டம் போட வேண்டும். முடியும் இடத்தில் இன்னொரு வட்டம். வட்டங்களை வைத்துத்தான் படம் வரைகிறவர்களுக்கு வேலை பிரிப்பார்கள். இபாராகி வட்டங்களை எண்ணுவார். ஏழு காட்சி என்று பேசியிருந்தால் ஏழு இருக்கிறதா என்று பார்ப்பார். வட்டத்துக்கு வெளியே இருக்கும் கதையை வரி வரியாகப் படித்து, "இது ரொம்பச் சோகம், வெட்டு", "இவ ஏன் இவ்வளவு பேசறா, வெட்டு" என்று சிவப்புப் பேனாவால் கிழித்துத் தள்ளுவார். வட்டத்துக்குள் இருப்பதைப் படிக்கவே மாட்டார். "அதுல என்ன இருக்கப்போவுது, எல்லாம் ஒண்ணுதானே" என்பார்.

எட்சுகோ இதை மூன்றாவது ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். அன்றிலிருந்து தனக்கு முக்கியமான வரிகளையெல்லாம் வட்டத்துக்குள் கொண்டுபோய் வைத்தாள். படுக்கைக் காட்சியில் பாதி முடிந்ததும் விளக்கு அணையும், இருவரும் பேசுவார்கள். ஒருத்தி தன் அப்பா பட்ட அவமானத்தைச் சொல்வாள், ஒருத்தி தன் நோயைச் சொல்வாள். முதலாளியின் பேனா அங்கே வராது. உடம்பு பற்றி எழுதுவதற்கு அவளுக்கு ஒரு பிடிப்பும் இல்லை. பாத்திரம் கழுவுகிற மாதிரி அதை மடமடவென்று முடித்துவிட்டு, அந்தப் பேச்சுக்காக உட்கார்ந்திருப்பாள்.

அவள் கணவர் முட்சுவோ லாரி ஓட்டினார். குடித்தார். அடித்தார். 1986 நவம்பரில் வாக்காயாமா போகும் சாலையில் லாரி கவிழ்ந்து செத்தார். அந்த மனிதரைப் பற்றி இவ்வளவு சொல்வதே அதிகம். ஆனால் சாவு வீட்டில் அப்படியா பேசுவார்கள்? கிஷிவாடாவில் இருந்த அவருடைய அக்கா கனாயே, எட்சுகோவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அவன் உன் மேல உசுரையே வச்சிருந்தான்டி" என்று கதறினாள். கறுப்புக் கிமோனோவில் எட்சுகோ தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் உள்ளே இருந்தது துக்கம் இல்லை. அது என்னவென்று ஊரில் ஒருவரிடமும் சொல்ல வழியில்லை. முதலாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு, ஏழாம் ஆண்டு என்று ஒவ்வொரு திதிக்கும் கிஷிவாடாவுக்குப் போய், பூஜை மாடத்தில் இருந்த படத்துக்கு முன்னால் கைகூப்பி, ஊதுபத்தி ஏற்றி, அந்தப் பொய்யை மறுபடியும் மறுபடியும் நடித்துவிட்டு வந்தாள்.

1993இல் 'கடைசிப் படகு' என்று ஓர் ஆட்டம் எழுதினாள். பத்து ஃபிளாப்பியில் வந்தது. ஒரு துறைமுக ஊரில் படகுக்குச் சீட்டுக் கொடுக்கிற சுமியே, முப்பத்தொரு வயது விதவை. கணவன் கடலில் போனவன். ஊரே அவளை உத்தமி என்று கொண்டாடுகிறது. வெளியூர்க்காரன் ஒருவன் அவளோடு பழகுகிறான். ஆறாவது வட்டத்துக்குள், விளக்கு அணைந்த பிறகு, சுமியே பேசுகிறாள். சரியாகப் பதினேழு வரி. கணவன் செத்த செய்தி வந்த அன்று, மூன்று ஆண்டுகளில் முதல் தடவையாகக் காலை நீட்டிப் படுத்துத் தூங்கினேன் என்கிறாள். அழுதது ஊருக்காக என்கிறாள். அழுவதைவிட, அழுகிற முகத்தை வைத்துக்கொண்டிருப்பதுதான் கஷ்டம் என்கிறாள். மறுநாள் காலையில் கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிறாள். கடைசியில் சீட்டு ஜன்னலை மூடிவிட்டு, அந்த வெளியூர்க்காரனையும் விட்டுவிட்டு, தனியாகப் படகேறிப் போகிறாள்.

அந்தப் பதினேழு வரியை எட்சுகோ ஒரு மதியத்தில் எழுதினாள். எழுதி முடித்ததும் கழிப்பறைக்குப் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள். கதவைத் தட்டிய படக்காரனிடம், "கழுவிக்கிட்டிருக்கேன், இரு" என்றாள்.

ஐந்து ஆண்டுகள் போயின. கணினியில் ஓடிய பழைய ஆட்டங்களை டிவியில் மாட்டி விளையாடுகிற கன்சோலுக்கு மாற்றி விற்பது அப்போது எல்லாரும் செய்த காரியம். கன்சோலில் அம்மணம் கூடாது. அதற்குப் பதில் குரல் வரும். பாத்திரங்கள் நடிகைகளின் குரலில் பேசும். இபாராகியும் 'கடைசிப் படகை' மாற்ற முடிவு செய்தார். எட்சுகோவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பச்சைத் தேநீர் ஊற்றிக்கூடக் கொடுத்தார்.

"எட்சுகோம்மா, இந்தத் தடவை உன் சொந்தப் பேரையே போடலாம்னு இருக்கேன். சுத்தமான சரக்கு. பொம்பளை எழுதினதுன்னா பொம்பளைங்களும் வாங்குவாங்க. என்ன சொல்றே?"

சொந்தப் பெயர் என்றால் தெரானிஷி எட்சுகோ. தெரானிஷி என்பது முட்சுவோவின் குடும்பப் பெயர். அந்தப் பெயரோடு அந்தப் பதினேழு வரியும் வெளியே போகும். குரலோடு போகும். கிஷிவாடாவில் யார் காதிலாவது விழலாம். மூன்று நாள் யோசித்தாள். விழட்டும் என்று தோன்றியது. பன்னிரண்டு ஆண்டுகளாக வாயை மூடி இருந்தாயிற்று, இனி முடியாது. நான்காம் நாள் போய்க் கையெழுத்துப் போட்டாள். அந்தப் பதினேழு வரி தன் பெயரில் போக வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் போட்டாள்.

கோடையில், ஒசாகாவிலேயே உமேடா என்ற பகுதியில், ஒலிப்பதிவு நடந்தது. சுமியேயாகப் பேச டோக்கியோவிலிருந்து கட்டாகிரி என்ற நடிகை வந்திருந்தாள். நாற்பது வயது, கனத்த குரல், கையில் மூன்று நிறத்தில் பென்சில். எட்சுகோ கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மாற்றிய கதையை அவளுக்கு யாரும் அதுவரை காட்டியிருக்கவில்லை. அம்மணப் படங்களை நீக்கியிருப்பார்கள், அவ்வளவுதானே என்று அவளும் கேட்கவில்லை.

நடுவில் கட்டாகிரி பென்சிலைக் கீழே வைத்தாள்.

"ஒரு நிமிஷம். எனக்கு ஒண்ணு புரியல. முந்தின நாள் ராத்திரி வரைக்கும் இவ 'என் வீட்டுக்காரர் தெய்வம்'னு சொல்லிக்கிட்டிருக்கா. குருவி கத்துது. விடியுது. கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிறா. நடுவுல என்ன ஆச்சு இவளுக்கு?"

ஒலிப்பதிவு செய்கிறவன் ஒலிபெருக்கியில் சொன்னான்: "நடுவுல ஆனதைத்தான் மேடம் வெட்டிட்டோம்!"

கூடம் முழுக்கச் சிரித்தது. இபாராகி தொடையைத் தட்டிச் சிரித்தார். எட்சுகோ கதைக் கட்டைப் பிடுங்கிப் புரட்டினாள். ஆறாவது வட்டம் இருந்த இடத்தில் ஒரே ஒரு குறிப்பு இருந்தது: 'காலை ஜன்னல். சிட்டுக்குருவிச் சத்தம்.' முதல் வட்டத்துக்கும் அதே ஜன்னல், இரண்டாவதற்கும் அதே குருவி. ஏழு காட்சிக்கும் ஏழு தடவை. அந்தத் துறைமுக ஊரில் மனிதர்களைவிடக் குருவிகள்தான் அதிகம் என்று நினைக்கும்படி செய்திருந்தார்கள். பதினேழு வரியில் ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை.

"முதலாளி, எங்கே என் வரி?"

"எந்த வரி?"

"விளக்கு அணைஞ்சதுக்கப்புறம் சுமியே பேசறது."

"அது வட்டத்துக்குள்ள இருந்துச்சா? அப்படின்னா போயிருக்கும். வெட்டினது நான் இல்லம்மா, மிஷினு. வட்டத்துலேருந்து வட்டம் வரைக்கும் அழின்னேன், அழிச்சிடுச்சு. படுக்கையில கொண்டுபோய் யாராச்சும் கதையை வைப்பாங்களா?"

"நீங்க படிக்காத எடம் அது ஒண்ணுதானே, அதான் வச்சேன்."

"அப்ப தப்பு உன்னுது" என்றார் இபாராகி. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்னது உண்மை. தானே தோண்டிய குழியில் தன் கையாலேயே அந்த வரிகளைப் போட்டு வைத்தாள். அவர்கள் வந்து மண்ணைத் தள்ளிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு அது தெரியக்கூட இல்லை. தெரிந்தே வெட்டியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

அவள் அங்கேயே ஒரு காகிதத்தை எடுத்துப் பதினேழு வரியையும் எழுதினாள். ஒரு எழுத்துகூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் நடிகையின் கையில் கொடுத்தாள். கட்டாகிரி முதலில் மனதுக்குள் படித்தாள். பிறகு சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, ஒலிவாங்கிக்கு நெருங்கி வந்து, கண்ணீர் கிண்ணீர் ஒன்றுமில்லாமல், காய்கறி விலை சொல்கிற மாதிரி அந்த வரிகளைச் சொன்னாள். ஒலிப்பதிவுக்காரன் கேட்காமலேயே பொத்தானை அழுத்தியிருந்தான்.

"இப்ப புரியுது" என்றாள் கட்டாகிரி. "இதுக்கப்புறம் சிரிக்கலேன்னாத்தான் தப்பு."

இபாராகி மோவாயைத் தேய்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா வேண்டாம்."

"ஏன்? இதுல துணி அவிழ்க்கிற சமாச்சாரம் ஏதாச்சும் இருக்கா?"

"அதில்லம்மா. கணினின்னா ரூமைச் சாத்திக்கிட்டு ஒருத்தன் தனியா பாக்கறது. இது டிவி. ஹால்ல இருக்கும். அம்மா கோழி பொரிச்சுக்கிட்டிருப்பா, அப்பா பேப்பர் படிச்சுக்கிட்டிருப்பாரு. புருஷன் செத்ததுக்கு நான் நிம்மதியாத் தூங்கினேன்னு ஒரு பொம்பளை சத்தமா ஹால்ல பேசினா வெளங்குமா?"

"ஹால்லதான் பேசணும்" என்றாள் எட்சுகோ. "வேற எங்க பேசுவா?"

"சும்மா இரு. துணியை அவுத்ததைக்கூட மன்னிச்சிடுவாங்க. இதை மன்னிக்க மாட்டாங்க."

பத்து நாளில் இபாராகி ஒரு தீர்வு கண்டுபிடித்தார். குருவிச் சத்தத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே காரணம் இல்லை என்று நடிகையே சொல்லிவிட்டாள் அல்லவா? காரணத்தை அவரே எழுதினார். ஒரே மதியத்தில், வேர்க்கடலை கொறித்துக்கொண்டே எழுதினார். புதுக் காட்சியில், விடிந்ததும் சுமியே கணவனின் கல்லறைக்குப் போகிறாள். முழங்காலிட்டு அழுகிறாள். 'நான் நல்ல மனைவியாக இருக்கவில்லை, என்னை மன்னித்துவிடுங்கள்' என்கிறாள். காற்றடிக்கிறது. கணவன் மன்னித்துவிட்டான் என்று அவளுக்குப் புரிகிறது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் சிரிக்கிறாள். கடைசியில் தனியாகப் போவதெல்லாம் கிடையாது. வெளியூர்க்காரனோடு கைகோத்துப் படகேறுகிறாள். நடிகையை மறுபடி வரவழைத்து அதைப் பதிவும் செய்துவிட்டார். அன்று எட்சுகோவைக் கூப்பிடவில்லை.

அச்சடித்த பக்கங்கள் மேசைக்கு வந்தபோது எட்சுகோ அதை நின்றுகொண்டே படித்தாள். மன்னிப்பா? யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது? காது மடல் வரை சூடேறியது. மூன்று பக்கத்தையும் நான்காகக் கிழித்து, இபாராகியின் வேர்க்கடலைத் தட்டில் போட்டாள்.

"பேரை எடுங்க."

"என்ன பேரை?"

"என் பேரை. இதை எழுதினவர் யாரோ அவர் பேரைப் போட்டுக்குங்க. இல்லேன்னா மகாபே ஷின்னு போடுங்க. அவன்தான் இல்லாத ஆளு, அவனுக்கு மானம் போகாது."

"அட்டைப்படம், பெட்டிக்குள்ள வைக்கிற சின்னப் புத்தகம் எல்லாம் அச்சுக்குப் போயாச்சும்மா. நீதானே கையெழுத்துப் போட்டே. இப்ப என்ன பண்றது, இதெல்லாம் சகஜம்." இபாராகி கடலைத் தட்டிலிருந்து காகிதத் துண்டுகளைப் பொறுக்கினார். அவருக்குக் கோபமே வரவில்லை. "படிச்சுப் பாரு, ஒருதடவை நிதானமாப் படி. எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

எட்சுகோ தன் தேநீர்க் கோப்பையையும் நாற்காலி மெத்தையையும் எடுத்துக்கொண்டாள். பதினோரு ஆண்டுகளில் அங்கே அவளுக்குச் சொந்தமாக இருந்தது அவ்வளவுதான். வாசலில் திரும்பி, "இனிமே கழிப்பறையை நீங்களே கழுவிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கணக்குப் பேரேடு அச்சடித்து விற்கிற கடையொன்றில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தாள். ஆட்டம் அக்டோபரில் வெளிவந்தது. நன்றாக விற்றது என்று கேள்விப்பட்டாள். மின்சாமான் கடைப் பக்கமே போகாமல் சுற்றி நடந்தாள்.

நவம்பரில் முட்சுவோவின் பதின்மூன்றாம் ஆண்டுத் திதி வந்தது; செத்த ஆண்டையும் சேர்த்து எண்ணுவது அங்கே வழக்கம். போகாமல் இருக்கலாம் என்று நினைத்தாள். போகாவிட்டால் கனாயே பஸ் பிடித்து நேரில் வந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறுப்பு உடையில் கிஷிவாடாவுக்குப் போனாள். பிக்கு மந்திரம் ஓதி, தேநீர் குடித்து, அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். சொந்தக்காரர்கள் பத்துப் பேர் சாப்பாட்டுப் பெட்டிகளோடு ஹாலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். எட்சுகோ ஊதுபத்தி ஏற்றப் பூஜை மாடத்துக்கு முன்னால் மண்டியிட்டாள். முட்சுவோவின் படம், சாமந்திப்பூ, ஆரஞ்சுப் பழம். அதன் பக்கத்தில் படையலாக ஓர் ஆட்டப் பெட்டி வைத்திருந்தார்கள். 'கடைசிப் படகு. கதை: தெரானிஷி எட்சுகோ.'

ஊதுபத்தி அவள் கையிலேயே கொஞ்ச நேரம் எரிந்தது.

"பார்த்துட்டியா?" கனாயே பின்னால் வந்து அவள் தோளில் கையை வைத்தாள். அறுபதைத் தாண்டியவள். கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது. "நம்ம சட்சுகிதான் கடையில பார்த்துட்டு வாங்கிட்டு வந்தா. நம்ம குடும்பப் பேரு பெட்டி மேலயே இருக்குன்னா. எங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னியாடி நீ?"

கனாயேயின் மகள் சட்சுகி, இருபத்து நான்கு வயது, வங்கியில் வேலை பார்ப்பவள். அவள் டிவி அருகில் போய்க் கன்சோலை இயக்கினாள். "அத்தை, நான் மூணு ராத்திரி தூங்காம விளையாடினேன். எல்லாரும் பாக்கணும்னு அந்த எடத்துல நிறுத்தி வச்சிருக்கேன்."

"வேண்டாம் சட்சுகி" என்றாள் எட்சுகோ.

"வெக்கப்படாதீங்க அத்தை."

டிவியில் கல்லறை வந்தது. கட்டாகிரியின் கனத்த குரல் ஹால் முழுக்க நிறைந்தது. திறமையான நடிகை. கொடுத்ததை நன்றாகத்தான் செய்திருந்தாள். 'நான் நல்ல மனைவியாக இருக்கவில்லை' என்னும்போது குரல் உடைந்தது. 'என்னை மன்னித்துவிடுங்கள்' என்னும்போது விம்மினாள். சித்தப்பா ஒருவர் சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினார். கனாயே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பன்னெண்டு வருஷமா மனசுலயே வச்சுக்கிட்டு இருந்திருக்கியேடி" என்றாள். "நீ ஒரு சொட்டுக் கண்ணீர்கூடச் சரியா விடலைன்னு நான்கூட ஒரு காலத்துல உன்னைத் தப்பா நினைச்சேன். மன்னிச்சுடு. இதைக் கேட்டதும் என் தம்பி ஆத்மா சாந்தியாயிருக்கும்."

எட்சுகோ எழுந்தாள். டிவிக்குப் போய்ப் பொத்தானை அமுக்கினாள். விம்மல் பாதியில் நின்றது. திரும்பி வந்து பூஜை மாடத்திலிருந்து அந்தப் பெட்டியை எடுத்தாள். ஆரஞ்சு ஒன்று உருண்டு விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"இதை இங்க வைக்காதீங்க. இது நான் எழுதினது இல்ல. நான் எழுதினதை வெட்டிட்டு இதை வச்சுட்டாங்க."

"என்னடி சொல்றே?"

"நான் எழுதினது, அந்தப் பொம்பளை புருஷன் செத்தப்ப நிம்மதியா தூங்கினாங்கறது. அது சுமியேயும் இல்ல, கிமியேயும் இல்ல. நான்தான். உங்க தம்பி செத்த அன்னிக்கு நான் தூங்கின தூக்கத்தை அதுக்கு முன்னாடி எட்டு வருஷத்துல தூங்கினதே இல்ல. அவர்கிட்ட நான் மன்னிப்புக் கேக்க ஒண்ணும் இல்ல. கேக்க வேண்டியவர் அங்க படத்துல இருக்காரு."

"எட்சுகோ!" என்றார் மூக்கைச் சிந்திய சித்தப்பா. "செத்தவனைப் பத்தி அவன் திதி அன்னிக்கே…"

"வேற என்னிக்குப் பேசறது? உசுரோட இருந்தப்ப முகத்துல காயத்தோட இதே ஹால்ல வந்து உட்காந்தேனே. மாடிப்படியில விழுந்துட்டியான்னு நீங்களே கேட்டு, ஆமான்னு நீங்களே பதிலும் சொல்லிக்கிட்டீங்களே, மறந்துபோச்சா?" அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "வேலைக்குப் போறப்பல்லாம் என் செருப்பு, ஷூ எல்லாத்தையும் பையில போட்டு லாரியில எடுத்துக்கிட்டுப் போவாரு. நான் வெளிய போகக் கூடாதுன்னு. எட்டு வருஷம். லாரி கவுந்தப்ப அந்தப் பையை போலீஸ்காரர் எடுத்துக் குடுத்தாரே, ஞாபகம் இருக்கா அக்கா? 'பாவம், பொண்டாட்டி செருப்பைத் தைக்கக் கொண்டுபோயிருக்கான், எவ்வளவு அக்கறை'ன்னு அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதீங்க."

கனாயேயின் முகம் வெளிறிப்போயிருந்தது. "பொய்" என்றாள். "வாய் கூசாம பொய் சொல்றே. என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல."

"அதுல மூணு ஜோடி இருந்துச்சு. எங்கிட்ட மொத்தமே மூணு ஜோடிதான். போலீஸ் ஸ்டேஷனுக்கு அன்னிக்கு நான் எப்படி வந்தேன், சொல்லுங்க."

எட்சுகோ அன்று நவம்பர்க் குளிரில் வெறுங்காலோடு வந்தாள். புருஷன் போன செய்தி கேட்டதும் செருப்பு மாட்டக்கூடத் தோன்றாமல் பதறி ஓடி வந்தவள் என்று, பன்னிரண்டு ஆண்டுகளாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவளே கனாயேதான்.